முப்பத்தொரு குளிர்பெட்டிகள்

ஜூன் 2, செவ்வாய்

காலை பத்து மணிக்கு என் மேலாளர் ஐரீன் கோ என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பதினைந்து வருடத்தில் அவர் கதவைச் சாத்தியது இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் ஒரு மாதத்துக்குள் யாரோ வேலையை விட்டுப் போனார்கள். அதனால் உட்காரும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

என் வேலை கோயம்புத்தூருக்குப் போகிறது. வேலை மட்டும்தான் போகிறது, நான் இங்கேயே நிற்கிறேன். ஆகஸ்ட் முடிந்தால் எனக்கு இருக்கை கிடையாது. பத்து வாரத்தில் எல்லாவற்றையும் அங்கே உள்ள ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அவரும் தமிழ் பேசுபவர், பாலன். உங்களுக்குள் சுலபமாக இருக்கும்" என்றார் ஆங்கிலத்தில், ஏதோ சலுகை தருவதைப் போல. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

ஐரீன் கெட்டவர் இல்லை. எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். ஒப்படைப்பு முழுமையாக இல்லை என்று தெரிந்தால், என்னை ஆறு மாதம் நீட்டிக்கச் சொல்லி மேலிடத்தில் கேட்பாராம். "ஆனால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்."

வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை. இந்த வீட்டில் தமிழைச் சரளமாகப் படிக்கிறவன் நான் ஒருவன்தான். மனைவி லோகா எழுத்துக் கூட்டிப் படிப்பாள், இரண்டு வரிக்கு மேல் பொறுமை கிடையாது. மகள் யாழினி தேர்வு முடிந்த மறுநாளே தமிழ்ப் புத்தகங்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். இதைவிட நல்ல பூட்டு எனக்குக் கிடைக்காது.

லோகாவிடம் நாளைக்குச் சொல்லலாம்.

ஜூன் 3, புதன்

சொல்லவில்லை. அவளுக்குத் தலைவலி.

ஜூன் 4, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தலைவலி இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றினேன். சமையலறைக் குழாய் ஒழுகவில்லை, அதற்கும் மாற்றினேன்.

ஜூன் 8, திங்கள்

முதல் வகுப்பு. அங்கே காலை ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. பெயர் கோகிலவாணி. முப்பத்தொன்பது வயது என்று ஐரீன் அனுப்பிய தாளில் இருந்தது. நான் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வரும் என்று நினைத்திருந்தேன். வெறுப்பதற்கு அது வசதியாக இருந்திருக்கும்.

பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும், பதிவாகிறது. பதிவைத் தொடங்கும் முன் தமிழில் பேசினோம்.

"வணக்கமுங்க சார். நீங்க எந்த ஊருங்க?"

"சிங்கப்பூர்."

"அது தெரியுமுங்க. சொந்த ஊரு?"

"சிங்கப்பூர்தான்."

"ஓ. அப்பா அம்மா ஊருங்களா?"

"அவங்களுக்கும் சிங்கப்பூர்தான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிங்க சார்" என்றாள். நம்பவில்லை என்று குரலே சொன்னது.

பிறகு வேலையை விளக்கினேன். எங்கள் கம்பெனி முதியோர் இல்லங்களுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிறது. எந்த இல்லத்துக்கு, எந்த நாள், எந்த லாரியில், எத்தனை பெட்டி என்ற பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருள் என் கையில் இருக்கிறது. சாதாரணப் பெட்டி ஒரு வகை. இன்சுலின் மாதிரி குளிரில் வைக்க வேண்டியவை போகும் குளிர்பெட்டி இன்னொரு வகை. முப்பத்தொரு இல்லங்களுக்குக் குளிர்பெட்டி போகிறது.

கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டே இருந்தாள். புரிந்ததா என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் "சரிங்க சார்" என்றாள். இணைப்பில் இருந்த ஐரீன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் திருப்பிச் சொல்லச் சொல்லவும் இல்லை, அது என் வேலையும் இல்லை.

ஜூன் 11, வியாழன்

சாப்பிட்ட பிறகு லோகா தட்டுகளைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி பேசினாள்.

"எப்ப கடைசி நாள்?"

"எதுக்கு?"

"வேலைக்கு. வீட்ல இருக்கிற குழாயெல்லாம் புதுசாயிடுச்சு. நேத்து காத்தாடிய கழட்டித் துடைச்சீங்க. இருவத்தி ரெண்டு வருஷத்துல நீங்க காத்தாடி துடைச்சு நான் பார்த்ததே இல்ல."

சொன்னேன். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கிறவள், எத்தனையோ பேரின் பயத்தை முகத்தைப் பார்த்தே அளந்தவள். அழவில்லை. "ஐம்பத்தி ரெண்டு வயசு ஆகுது உங்களுக்கு. வேற இடம் தேட ஆரம்பிச்சீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். ஆரம்பித்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஆரம்பித்தேன்.

ஜூன் 17, புதன்

மனிதவளப் பிரிவு எங்கள் ஆறு பேருக்கு ஒரு பயிலரங்கு நடத்தியது. வேலை போகிறவர்கள் விண்ணப்பப் புகைப்படத்தில் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. நன்றாகவே சிரித்தேன்.

அதைவிடப் பெரிய வேடிக்கை மதியம் நடந்தது. காப்பி எடுக்கும் இடத்தில், விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் ரொம்ப மரியாதையாக, "நீங்கள் எப்போது இந்தியா திரும்புகிறீர்கள்?" என்று கேட்டாள். கோயம்புத்தூரிலிருந்து வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். இந்த நாட்டில் இரண்டரை வருடம் சீருடை போட்டுத் தேசிய சேவை செய்தவன் நான். என் வேலையைக் கொண்டுபோகிறவர்களின் முகமும் எனக்குத்தான், வேலை போகிறவனின் முகமும் எனக்குத்தான்.

"ஆகஸ்ட் கடைசியில்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எரிச்சலில் ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கினேன்.

ஜூன் 24, புதன்

ஒப்படைப்புக் கையேடு இருபத்தாறு பக்கம் ஆகிவிட்டது. நாற்பதில் முடித்துவிடலாம். என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதுவரை படத்தோடு போட்டிருக்கிறேன்.

விடுமுறை விஷயம் ஒன்று இருக்கிறது. அதைக் கையேட்டில் போடும் அளவுக்குப் பெரியதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் இவ்வளவுதான். திங்கட்கிழமை விடுமுறை என்று காலண்டரில் குறித்தால், சாதாரணப் பெட்டிகள் தாமாகவே சனிக்கிழமைக்கு நகர்ந்துவிடும். குளிர்பெட்டிகள் நகராது. எந்தச் சத்தமும் இல்லாமல் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். அவற்றை வேறொரு திரையில் போய், ஒவ்வொரு இல்லமாக, கையால் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணிக்குள். அதற்குப் பிறகு பட்டியல் பூட்டிக்கொள்ளும், மூன்று மணிக்கு லாரி ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

இதைச் சரிசெய்யச் சொல்லி, மென்பொருளைச் செய்து கொடுத்த வெளிக் கம்பெனிக்கு மூன்று தடவை எழுதினேன். வருடத்துக்கு நாலைந்து முறைதானே வருகிறது என்று தள்ளிப் போட்டார்கள். அதனால் பதினோரு வருடமாக நானே உட்கார்ந்து முப்பத்தொன்றையும் சேர்க்கிறேன். போன மாதக் கடைசியில் விசாக தினத்துக்கும் சேர்த்தேன். ஒரே ஒரு தடவை மறந்திருக்கிறேன். செவ்வாய் காலை ஒரு இல்லத்திலிருந்து ரோஸ்னா என்ற தாதி அழைத்து, பதினெட்டுப் பேருக்கு ஊசி போட மருந்து இல்லை என்று என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். நானே டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

ஆக, சின்ன விஷயம். அடுத்த திங்கள் விடுமுறை ஆகஸ்ட் பத்தாம் தேதிதான், தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை வருவதால். நிறைய நேரம் இருக்கிறது. பிறகு எழுதலாம்.

ஜூலை 1, புதன்

முதல் நேர்முகம். முப்பத்தெட்டு விண்ணப்பத்தில் கூப்பிட்ட ஒரே இடம். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். நான் என்னவெல்லாம் செய்திருக்கிறேன் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. "வெளிநாட்டுக் குழுவை மேற்பார்வை பார்த்த அனுபவம் உண்டா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். இங்கே இப்போது இருக்கிற வேலையெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களை மேய்ப்பதுதான். வேலை தெரிந்தவன் வேண்டாம், வேலை நடக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவன் வேண்டும்.

எனக்கு அனுபவம் அதிகம் என்று மாலையே கடிதம் வந்துவிட்டது. அதிகமாம்.

ஜூலை 8, புதன்

பதிவு தொடங்கும் முன் கோகிலவாணியின் பின்னால் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இரட்டையர், எட்டு வயது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், இருவரும் மறைந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார். இன்னைக்கு பள்ளிக்கூடம் லீவுங்க."

"பரவாயில்ல. ரொம்ப நாளா இந்தக் கம்பெனியிலயா?"

"இல்லீங்க சார். எட்டு வருசம் வீட்டுல இருந்தனுங்க. அதுக்கு முன்னாடி பெங்களூர்ல ஒன்பது வருசம். திரும்ப வரலாம்னு பார்த்தா எங்கேயும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. இத்தனை வருசம் என்ன பண்ணுனீங்கன்னு கேக்கறாங்க. ரெண்டு பேரை வளர்த்துனேன்னு சொன்னா சிரிக்கறாங்க." அவளும் சிரித்தாள். "இங்க ஆறு மாசம் சோதனை மாதிரி எடுத்திருக்காங்க. இந்த ஒப்படைப்பு சரியா முடிஞ்சா நிரந்தரமுங்க. இல்லாட்டி திரும்ப வீடுதான்."

பதிவுப் பொத்தானை அழுத்தினேன். இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறாள் என்று கோபம் வந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 15, புதன்

கையேடு முடிந்தது. சரியாக நாற்பது பக்கம்.

வகுப்பின் கடைசியில் கோகிலவாணி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பொது விடுமுறை வந்தால் குளிர்பெட்டிகளுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா என்று.

எல்லாம் கையேட்டில் இருக்கிறது என்றேன்.

"சரிங்க சார்" என்றாள்.

ஜூலை 16, வியாழன்

அவள் கேட்டது பொதுவான கேள்வி. நான் சொன்னது பொதுவான பதில்.

ஜூலை 17, வெள்ளி

முழங்கால் வலிக்கும்வரை பூங்காவில் நடந்தேன். நேற்றும் நடந்தேன். "உட்காருங்க லா, பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்கிறாள் லோகா.

ஜூலை 24, வெள்ளி

யாழினி இந்த வருடம்தான் பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்பம் சேர்ந்தாள். நான்தான் சேரச் சொன்னேன், ஏப்ரலில், பெருமையாக. இன்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"அப்பா, நான் படிச்சு முடிக்கிறப்ப இங்க வேலை இருக்குமா? இல்ல, எல்லாம் அங்க போயிடுமா?"

"நல்லா படிக்கிறவங்களுக்கு எப்பவும் வேலை இருக்கும்."

"நீங்க நல்லா படிக்கலையா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள், அதுதான் குத்தியது. லோகா அவளை அதட்டினாள். நான் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முள் எப்போதோ தீர்ந்துவிட்டது.

ஒரு ஆறு மாதம் கிடைத்தால் போதும். ஆறு மாதத்தில் எங்கேயாவது ஒரு கதவு திறக்கும். வேலையில் இருக்கிறவனுக்குத்தான் வேலை கிடைக்கும், வீட்டில் இருக்கிறவனைப் பார்த்தால் எல்லோரும் என்ன கோளாறு என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

இந்த வாரம் முதல் கோகிலவாணியே பட்டியல் போடுகிறாள், நான் கைகட்டிப் பார்க்க வேண்டும். கேட்டால் மட்டும் பதில். ஐரீன் எங்கள் இருவரையும் இணைப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: தேசிய தின வார இறுதிதான் உண்மையான பரீட்சை. அது சுத்தமாக முடிந்தால் பதினொன்றாம் தேதி கையெழுத்து. முடியாவிட்டால் மறுபடி யோசிப்போம்.

மறுபடி யோசிப்போம் என்று சொல்லும்போது ஐரீன் என்னைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மதியம் ஒரு மணிக்குக் கோகிலவாணி கைப்பேசியில் அழைத்தாள், பதிவு இல்லாத இணைப்பில். இதுவரை அப்படி அழைத்ததில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"சனிக்கிழமைக்கு நான் தயாருங்களா? நீங்க சொல்லுங்க. எதாச்சும் விட்டுப்போயிருக்குதுங்களா?"

வெளியே யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி ஐந்து விநாடி சேர்த்துக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை.

"தயார்தான். கவலைப்படாதீங்க."

"சரிங்க சார்."

ஆகஸ்ட் 7, வெள்ளி

தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்தபோது ரோஸ்னாவின் குரல் காதில் இருந்தது. நாளைக்கு மதியம் ஒரு மணிக்கு மேல் பட்டியலைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் நானே சேர்த்துவிடலாம். இருபது நிமிட வேலை. கடைசி நேரத்தில் நான் கவனித்ததாகச் சொன்னால் அதுவும் என்னை நீட்டிக்க ஒரு காரணம்தானே. யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆகஸ்ட் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் லோகாவோடு தேக்கா சந்தைக்குப் போனேன். பாறை மீன், நண்டு, ஒரு கட்டு முருங்கைக்கீரை. பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவளை மட்டும் அனுப்பினேன். முடி வெட்டி மூன்று வாரம்தான் ஆகிறது.

கடையில் எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். எழுந்து போகவில்லை. என் முறை வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சவரமும் செய்துவிடு என்றேன். ஒன்று ஐம்பதுக்கு முகத்தில் நுரை இருந்தது. கைப்பேசி சட்டைப்பையில், போர்வைக்கு அடியில். கையை வெளியே எடுத்தால் போதும், கோகிலவாணிக்கு ஒரு அழைப்பு, ஒரே வாக்கியம். கடைக்காரர் தலைக்கு எண்ணெய் தேய்க்கட்டுமா என்று கேட்டார். தேய்க்கச் சொன்னேன்.

இரண்டு மணி ஆனதைக் கண்ணாடியில் பார்த்தேன். கடிகாரம் இடம் வலம் மாறித் தெரிந்தது, இருந்தாலும் இரண்டுதான்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தபோது இரண்டு இருபத்தைந்து. சரிசெய்ய முடியுமா என்று பார்க்கத் திறந்தேனா, உடைந்துவிட்டதா என்று பார்க்கத் திறந்தேனா? இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? உடைந்துவிட்டதா என்று பார்க்கத்தான் திறந்தேன்.

முப்பத்தொரு குளிர்பெட்டிகளும் பட்டியலில் இருந்தன.

ஒன்றுவிடாமல் எண்ணினேன். ஒவ்வொன்றும் கையால் சேர்க்கப்பட்டிருந்தது. சேர்த்தவர் கோகிலவாணி. நாள் வியாழன், ஆகஸ்ட் ஆறு. என்னோடு பேசி முடித்த ஒரு மணி நேரத்தில்.

முதலில் வந்தது நிம்மதி இல்லை, கோபம். என் பொருளை யாரோ கேட்காமல் எடுத்துவிட்ட கோபம். பத்து நிமிடம் கழித்துத்தான் அந்தப் பதினெட்டுப் பேர் நினைவுக்கு வந்தார்கள். அப்போது வெட்கமாக இருந்தது. லோகா வந்து, "என்ன, முடி நல்லாத்தானே இருக்கு, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். எண்ணெய் வாடை பிடிக்கவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எல்லோரும் எழுந்து நின்றபோது நானும் நின்றேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

யாரும் அழைக்கவில்லை. அழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் நாள் முழுவதும் கைப்பேசியைக் கையில் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பிற்பகல் மூன்று மணிக்குக் கையெழுத்துக் கூட்டம். ஐரீனும் நானும் அறையில், கோகிலவாணி திரையில். இன்று இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள்.

ஐரீன் கையேட்டை அச்சிட்டு வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "பாலன், இதைப் படித்துவிட்டு நான் ஆச்சரியப்பட்டேன். விடுமுறையில் குளிர்பெட்டிகள் விடுபடும் என்று இத்தனை வருடமாக எங்களில் யாருக்கும் தெரியாது. இதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள்" என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம். நான் எழுதியது நாற்பதுதான். விடுமுறை, திரை, இரண்டு மணிக் கெடு, முப்பத்தொரு இல்லங்களின் வரிசை, எல்லாம் என்னைவிடத் தெளிவாக இருந்தன. கீழே, எழுதியவர் என்ற இடத்தில், தனபாலன் என்று என் முழுப் பெயர்.

திரையைப் பார்த்தேன். அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் நான் எழுதியதில்லை" என்றேன். "இது கோகிலவாணி எழுதியது. நான் இதை அவரிடம் சொல்லவே இல்லை."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஐரீன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் இன்னும் எத்தனை விஷயம் உங்கள் தலைக்குள் இருக்கிறது? இது சரியான ஒப்படைப்பு இல்லை, பாலன். நான் மேலிடத்தில் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு மாதமாவது நீட்டிக்க வேண்டியிருக்கும்." குரலில் கண்டிப்பு இருந்தது. முகத்தில் எனக்காக ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

பத்து வாரமாகக் காத்திருந்த வார்த்தை. நியாயத்துக்காக அதைச் சொன்னேனா, இந்த வார்த்தைக்காகச் சொன்னேனா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

"இல்லை மேடம்" என்றாள் கோகிலவாணி. ஆங்கிலத்தில், தடுமாறாமல். "சார்தான் சொன்னார். வியாழக்கிழமை கைப்பேசியில் பேசினோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு மட்டும் செய்தேன். அதனால்தான் அவர் பெயர் போட்டேன்."

ஐரீன் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வியாழக்கிழமை பேசினீர்களா?"

"பேசினோம்."

"சொன்னீர்களா?"

அவள் இப்போது நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. எனக்காகப் பொய் சொல்கிற இரக்கமும் அந்தக் கண்ணில் இல்லை. கடை மூடும் நேரத்தில் வரிசையில் நிற்கிறவரின் முகம் அது. பின்னாலிருந்து யாராவது தள்ளினால் விலக மாட்டார்.

சொல்லவில்லை என்றால் எனக்கு ஆறு மாதம். யாழினியிடம் முகம் கொடுத்துப் பேச ஆறு மாதம்.

"சொன்னேன்" என்றேன். "சொன்னதை மறந்துவிட்டேன்."

"உங்களுக்கு ஓய்வு வேண்டும்" என்றார் ஐரீன், பேனாவை என் பக்கம் நகர்த்தியபடி. கையெழுத்துப் போட்டேன்.

இருக்கைக்கு வந்து பத்து நிமிடம் கழித்துக் கைப்பேசி அடித்தது.

"கோவமுங்களா சார்?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"போன வருசம், அதுக்கு முந்தின வருசம், பழைய பட்டியலெல்லாம் எடுத்துப் பார்த்தனுங்க. லீவு வர்ற சனிக்கிழமையெல்லாம் ஒரு மணிக்கு உங்க பேர்ல முப்பது முப்பத்தொண்ணு வரி இருந்துச்சு. ஜூலையிலயே தெரியுமுங்க. அதனாலதான் கேட்டேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. உங்க பொருளு. வியாழக்கிழமையும் கேட்டுப் பார்த்தேன். நீங்க சொல்லியிருந்தா எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்திருக்குமுங்க சார். நீங்க மறைச்சீங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சிருந்தா உங்களை வெச்சுக்குவாங்க. எனக்கு நிரந்தரம் ஆகாதுங்க. அதான் அப்படிச் சொன்னேன். உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கலாம்."

அவள் பக்கத்தில் பேருந்து ஹாரன் கேட்டது. அலுவலகத்துக்கு வெளியே வந்து பேசுகிறாள் போலிருக்கிறது.

"சார், கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. இன்னும் எதாச்சும் இருக்குதுங்களா? சொல்லாதது?"

இன்னும் இருப்பதை இந்த நோட்டில்கூட நான் எழுதியதில்லை.

"இருக்கு" என்றேன். "ரெண்டு. எழுத நோட்டு வெச்சிருக்கீங்களா?"

"கையிலதான் இருக்குதுங்க. சொல்லுங்க சார்."

சொன்னேன். முதலாவதுக்கு "சரிங்க சார்" என்றாள். திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். ஓரிடத்தில் தப்பு இருந்தது, திருத்தினேன். இரண்டாவதையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அதைச் சரியாகச் சொன்னாள்.